டைனமோ படுத்த பழைய லாரி: பேட்டரியை நம்பி ஓட்டுவதா, டைனமோவைச் சரிசெய்வதா, ஆல்டர்னேட்டர் மாட்டுவதா?

போன தை மாதம் உசிலம்பட்டி போய்விட்டு மதுரைக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. செக்கானூரணி தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளடித்தது, அப்புறம் எஞ்சினும் திணற ஆரம்பித்தது. ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ படுத்துவிட்டது. ஆம்ப்ஸ் மீட்டர் முள் மைனஸ் பக்கம் கிடந்ததை, அதாவது பேட்டரி இறங்கிக்கொண்டே வந்ததை, நான் கவனிக்கவே இல்லை. அப்பா வாங்கிய ஃபார்கோ அது, பெட்ரோல் எஞ்சின். மறுநாள் பட்டறையில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

முதல் வழி, டைனமோவை அப்படியே விட்டுவிட்டு ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டு பகலில் ஓட்டுவது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் கணக்குப் போட்டால் ஒத்து வருகிறது. ஸ்பார்க் உண்டாக்கும் இக்னிஷன் காயில் சராசரியாக 4 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம், அதாவது 40. பகலில் 10 மணி நேரம் ஓடும். செல்ஃப் அடிக்கும் 3 விநாடிக்கு 200 ஆம்பியர் போனாலும், கூட்டிப் பார்த்தால் கால் ஆம்பியர்-மணிகூட வராது. பேட்டரியைத் தின்பது விளக்குதான். 45 வாட் ஹெட்லைட் இரண்டும், பின்விளக்கும் எரிந்தால் 9 ஆம்பியர். காயிலோடு சேர்த்து 13. மூன்று மணி நேரத்தில் கதை முடிந்தது. என் பேட்டரி வேறு பழசு, அதற்குள்ளேயே கையை விரித்துவிட்டது.

பெட்ரோல் வண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் ஹேண்டில் போட்டாலும், நாலு பேர் தள்ளினாலும் ஸ்பார்க் வராது. பழைய டாடா மெர்சிடிஸ்-பென்ஸ், பெர்கின்ஸ் எஞ்சின் போட்ட லாரி மாதிரி டீசல் என்றால் கவலை குறைவு. டீசல் பம்ப் எஞ்சின் சுழற்சியிலேயே ஓடுகிறது, கேபிளை இழுத்தால் நின்றுவிடும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. சரிவில் நிறுத்தத் தெரிந்தவர் பகல் முழுக்க நிம்மதியாக ஓட்டலாம்.

ஆனால் இதை மாதக்கணக்கில் செய்யக்கூடாது. செல்ஃப் அடிக்க என்று செய்த பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து சீக்கிரம் செத்துவிடும். ஓய்வில் வைத்து அளந்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 பாதி. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சார்ஜரில் 8 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் டிஸ்டில்ட் வாட்டர் வாரம் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

ஸ்பேர் பேட்டரி ஒன்று கூட வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வழிச்செலவுக்குத் துணை, அவ்வளவுதான்.

டைனமோவுக்குப் பதில் இப்போதைய வண்டிகளில் வரும் ஆல்டர்னேட்டரை மாட்டச் சொன்னவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஸ்லோவில் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. பெரியார் பேருந்து நிலையம் பக்கம் நெரிசலில் ஹெட்லைட் போட்டு ஊர்ந்தால் பேட்டரிதான் இறங்கும். ஆல்டர்னேட்டர் ஸ்லோவிலும் சார்ஜ் கொடுக்கும். ஆனால் பிராக்கெட் புதிதாக அடிக்க வேண்டும், பெல்ட் நேர்க்கோட்டில் வர வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு உடனே போய்விடும். அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த எஞ்சினில் அந்தப் புதுப் பெட்டியைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

டைனமோவைக் கழற்றச் சொன்னேன். பிரஷ் இரண்டும் தேய்ந்து முடிந்திருந்தன, பிரஷ் உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தது. ஆர்மேச்சர் காயில் நன்றாகவே இருந்தது. "ண்ணே, ரீவைண்டிங்கே வேணாம்" என்றார் மெக்கானிக். கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாக எடுத்து, பிரஷ் மாற்றி, டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட்டின் பாயிண்ட்டைத் தேய்த்து, மாட்டியதும் வண்டியின் எர்த்துக்கு ஏற்றபடி டைனமோவின் துருவத்தைச் சரிசெய்தார். முள் பிளஸ் பக்கம் ஏறியது.

ஆக, மாதம் இரண்டு முறை அழகர்கோவில் வரை பகலில் போய்வரும் என் மாதிரி ஆளுக்கு டைனமோ ரிப்பேர்தான் சரி. கையில் காசு சேரும்வரை டீசல்காரர்கள் பேட்டரியிலேயே சமாளிக்கலாம். ராத்திரி லோடு அடிக்கும் வண்டி என்றால் யோசிக்காமல் ஆல்டர்னேட்டர் போட்டுவிடுங்கள், எர்த் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொண்டு.