'அளக்கவே வேண்டாம்' என்று விற்ற வால்வு பாக்கெட் கட்டர்: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

பிஸ்டனின் தலையில் வால்வு பாக்கெட் (வால்வு இடிக்காமல் இருக்க இடம் விடும் பள்ளம்) வெட்ட வீட்டிலேயே பயன்படுத்தலாம் என்று இணையத்தில் விற்ற ஒரு கட்டர் கிட்டை நம்பினேன். இரண்டு புதுப் பிஸ்டன், ஒரு எக்ஸாஸ்ட் வால்வு, கோடு விழுந்த ஒரு சிலிண்டர் எல்லாம் போயிற்று. அதே கிட் இன்னும் விற்பனையில் இருக்கிறது, படமும் அதே படம்தான். இன்னொருவர் வாங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எஞ்சின் இரண்டு சிலிண்டர் பைக் எஞ்சின். ஒரு சிலிண்டருக்கு 125 சிசி, இரண்டு வால்வு. லிஃப்ட் கூடிய (வால்வை இன்னும் அதிகம் திறக்கும்) கேமும், தலை தட்டையான, பாக்கெட் எதுவும் இல்லாத ஃபோர்ஜ்டு பிஸ்டனும் போட்டேன். கேம் செயினை மாட்டிக் கையால் சுற்றியபோது எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனில் தட்டி நின்றது. இது எதிர்பார்த்ததுதான். பாக்கெட் வெட்டியாக வேண்டும்.

வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் நேரத்தில் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு அதற்கு முன்னால் மூடிக்கொண்டே போகும். அதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கி, இறங்கும் பிஸ்டனைத் துரத்தும். இரண்டு வால்வும் பிஸ்டனை மிக நெருங்குவது, பிஸ்டன் சரியாக உச்சியில் இருக்கும்போது அல்ல. கிராங்க் சுற்றில் எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்டேக் வால்வு சுமார் 10 டிகிரி பின்பும் பிஸ்டனை நெருங்கும். அந்த இடத்தில் இருக்க வேண்டிய இடைவெளியைக் கேம் செய்தவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்சம் இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், வேகத்தில் வால்வு மூடத் தாமதமானால் பிஸ்டன் நேராக அதன்மேல் வந்து மோதும், அதனால் அங்கே கூடுதல். வால்வின் விளிம்பைச் சுற்றியும் இடம் வேண்டும், சுற்றிலும் 1.3 மி.மீ. அளவுக்கு.

கிட்டில் வால்வு வடிவிலேயே இரண்டு கட்டர்கள், ஆழத்தை நிறுத்தத் தண்டில் மாட்டும் ஒரு காலர் (வளையம்), ஒரு தாள். கட்டரைக் கீழிருந்து, ஹெட்டில் வால்வின் தண்டு ஓடும் குழாயான வால்வு கைடுக்குள் விட்டு, ஹெட்டை மாட்டி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை டிரில்லில் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். இந்த முறையில் தவறே கிடையாது. கைடே வழிகாட்டுவதால் பாக்கெட்டின் சாய்வு தானாகவே சரியாக வரும். பழைய வால்வில் பல் வைத்து இப்படி வெட்டியவர்கள் எவ்வளவோ பேர். நான் ஏமாந்தது முறையில் அல்ல.

வாங்கும் முன் விற்பவரிடம் தெளிவாகவே கேட்டேன்: "என் ஹெட்டை முன்பே 0.3 மி.மீ. சீவியிருக்கிறேன், கேஸ்கெட்டும் மெல்லியது. ஆழம் எப்படிக் கணக்கு?" பதில் உடனே வந்தது: "மாடலும் கேமும் மட்டும் சொல்லுங்க சார். காலரை நாங்களே செட் செய்து அனுப்புவோம். நீங்க அளக்கவே வேண்டாம், காலர் நிற்கும் வரை வெட்டினால் போதும்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஹெட் எவ்வளவு சீவப்பட்டது, கேஸ்கெட் அழுந்திய பிறகு எத்தனை மி.மீ., கேம் எத்தனை டிகிரி முன்னே பின்னே மாட்டப்பட்டது, இவை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கேமை முன்னே தள்ளினால் இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும், பின்னே தள்ளினால் எக்ஸாஸ்ட் நெருங்கும். இதையெல்லாம் பார்க்காமல் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஆழத்தை முடிவு செய்ய முடியாது. முடியும் என்று சொல்வது பொய். அந்தப் பொய்க்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

முதலில் வலது பக்கம் வெட்டினேன். டிரில் அடிக்கடி பிடித்து இழுத்தது, பாக்கெட்டின் தரையில் அலை அலையாகக் கோடு. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் மேல் வைத்து, வால்வில் எண்ணெய் தடவி, கிராங்க்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றி, நசுங்கிய களிமண்ணை வெட்டி, மீந்த தடிமனை அளந்தேன். ஆழம் போதுமானதாக இருந்தது. இடது பக்கத்தையும் அதே காலரில் வெட்டிவிட்டு, களிமண் வைக்காமல் மூடிவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது, அதை அவர் மேல் போட மாட்டேன்.

சில நாள் நன்றாக ஓடியது. அப்புறம் இடது சிலிண்டரில் கம்ப்ரெஷன் விழுந்தது. திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு வளைந்திருக்கிறது, பாக்கெட்டின் ஒரு பக்கச் சுவரில் வால்வு விளிம்பு உரசிய தடம், பாக்கெட்டின் கூர்மையான மூலையிலிருந்து கிரவுனில் (பிஸ்டனின் தலைப் பகுதி) தலைமுடி அளவு விரிசல், சிலிண்டரில் நீளமாக ஒரு கோடு.

அன்று இரவுதான் கிட்டை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். என் வால்வின் தண்டு 4.97 மி.மீ. கட்டரின் தண்டு 4.81. கைடுக்குள் வால்வுக்கு இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். இந்தக் கட்டரோ கைடுக்குள் ஆடியிருக்கிறது. பாக்கெட் ஒரு பக்கம் ஒதுங்கிப் போனது அதனால்தான். அடுத்தது கட்டரின் விட்டம்: என் எக்ஸாஸ்ட் வால்வு 24 மி.மீ., கட்டரும் 24 மி.மீ. சுற்றிலும் விட வேண்டிய இடம் சுத்தமாக இல்லை. குறைந்தது 26.6 இருந்திருக்க வேண்டும். தண்டு சரியான தடிமனில் இருந்திருந்தாலும் இந்தக் கட்டர் உதவாது. வலது பாக்கெட்டின் சுவரிலும் லேசான பளபளப்புத் தடம் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

பற்களைக் கையால் சாணை பிடித்திருக்கிறார்கள். ஒன்று மற்றதைவிட உயரம், அதனால்தான் டிரில் இழுத்தது. ஒரு பல்லின் நுனியைக் காணவில்லை. சிலிண்டரில் விழுந்த கோட்டுக்குக் காரணம் அந்தத் துண்டா, ரிங் பக்கம் ஒளிந்திருந்த அலுமினியச் சீவலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காலர்தான் எல்லாவற்றையும்விட மோசம். வழுவழுப்பான கடினத் தண்டில் ஒற்றைச் சின்ன ஸ்குரூவால் பிடித்திருந்தது. இடது பக்கம் வெட்டும்போது அது மேலே நழுவியிருக்கிறது. வலதில் எக்ஸாஸ்ட் பாக்கெட் ஆழம் 2.6 மி.மீ., இடதில் 4.1. கிரவுன் தடிமன் 7.2. மீதி 3.1 மி.மீ. அலுமினியம்தான் எரியும் வாயுவைத் தாங்கிக்கொண்டு நின்றது. அதில் ஒரு கூர்மூலை வேறு. விரிசல் விடாமல் என்ன செய்யும்?

கிட்டோடு வந்த தாளில் மூலைகளை மழுக்குவது பற்றி ஒரு வரி இல்லை. பாக்கெட்டின் விளிம்பில் கூர்மையோ பிசிறோ விட்டால் அது முதலில் பழுத்துச் சிவந்து, ஸ்பார்க்குக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். மெல்லிய எமரித் தாளால் எல்லா விளிம்பையும் உருட்டிவிட வேண்டும். கம்ப்ரெஷன் பற்றியும் பேச்சில்லை. 125 சிசி சிலிண்டரில் கம்ப்ரெஷன் விகிதம் 9.5 என்றால் எரி அறையின் கொள்ளளவு சுமார் 14.7 சிசி. பாக்கெட்டால் 1 சிசி கூடினாலே விகிதம் 9-க்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் அதிகம் வெட்டுப்பட்டால் எடையும் மாறும், ஏனென்றால் ஒரு சிசி அலுமினியம் 2.7 கிராம். என் இரண்டு பிஸ்டனுக்கும் ஒன்றரை கிராம் வித்தியாசம் வந்திருந்தது.

அளவுகளையும் படங்களையும் விற்பவருக்கு அனுப்பினேன். முதலில் "டிரில் வேகம் அதிகம் வைத்திருப்பீங்க" என்றார். வேகத்துக்கும் தண்டின் தடிமனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "நூற்றுக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை" என்றார். காலர் ஸ்குரூவின் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. திருப்பி அனுப்பும் நாளும் தாண்டிவிட்டது. என் விமர்சனம் இரண்டு நாள் இருந்துவிட்டுக் காணாமல் போனது.

இப்படி ஏதாவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், பெட்டி வந்த அன்றே மைக்ரோமீட்டரில் தண்டை மூன்று இடங்களில் அளந்து உங்கள் வால்வோடு ஒப்பிடுங்கள். வெர்னியர் போதாது. கட்டரைக் கைடில் விட்டு ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கைக்குத் தெரிந்தால் அன்றே திருப்பிவிடுங்கள். காலரை இறுக்கி, மரக்கட்டையில் ஒரு துளையில் தண்டைச் செங்குத்தாக விட்டு, காலர் கட்டையின் மேல் நிற்கும்படி நன்றாக அழுத்துங்கள். நழுவினால் பிஸ்டன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இப்போது இரண்டாவது ஜோடிப் பிஸ்டன் வெட்டி முடித்தாகிவிட்டது. என் எஞ்சினில் இரண்டு வால்வுக்கும் தண்டு ஒரே தடிமன். இன்டேக் வால்வின் தலை பெரியது, 28 மி.மீ. பழைய இன்டேக் வால்வு ஒன்றை லேத்தில் கொடுத்து 26.6-க்குக் கடைந்து, பல் வைத்து, அதையே எக்ஸாஸ்ட் கட்டராக ஆக்கிக்கொண்டேன். ஆட்டமே இல்லை. ஆழத்துக்கு இரண்டு காலர், ஒன்றன்மேல் ஒன்று. வெட்டும் முன் வால்வுக்கு மெல்லிய ஸ்பிரிங் போட்டு, டயல் கேஜ் வைத்து, உச்சிக்கு முன்னும் பின்னும் 20 டிகிரி வரை, இரண்டிரண்டு டிகிரியாக நகர்த்தி, வால்வைக் கையால் அழுத்திப் பிஸ்டனில் படும் வரை எத்தனை மி.மீ. போகிறது என்று எழுதினேன். ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. பிஸ்டனைச் சுற்றி கிரீஸ் தடவி சீவலைப் பிடித்தேன், வெட்டி முடித்ததும் கழற்றி ரிங் பள்ளம் வரை கழுவினேன். பிறகு நான்கு பாக்கெட்டிலும் களிமண். இடைவெளி எக்ஸாஸ்ட் இரண்டிலும் 2.6 மி.மீ., இன்டேக்கில் 2.2, 2.1. இந்த முறை களிமண்ணின் ஓரங்களையும் வெட்டிப் பார்த்தேன், சுற்றிலும் தடிமன் ஒரே மாதிரி இருந்தது.