கன்ட்ரோல் லைன் போட்டி விமானம்: பல பருவங்கள் பறக்கவிட்ட பிறகு

கன்ட்ரோல் லைன் என்பது, நடுவில் நிற்பவர் கையில் பிடித்த கம்பிகளால் தன்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானம். அதில் எஃப்2பி என்னும் வித்தைப் பறத்தல் பிரிவில், நானே பால்சா கட்டையில் கட்டிய ஒரே விமானத்தைப் பல பருவங்களாகப் பறக்கவிட்டு வருகிறேன். எடை 1.8 கிலோ பக்கம். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஃபிளாப் உண்டு, மின்மோட்டார். கட்டிய புதிதில் யாராவது கேட்டிருந்தால் மோட்டாரையும் பெயின்டையும் பற்றித்தான் பேசியிருப்பேன். இப்போது கேட்டால் என் கைக்கும் எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) நடுவில் இருப்பதைத்தான் முதலில் சொல்வேன். போட்டியில் மதிப்பெண் அங்கேதான் கூடுகிறது, அங்கேதான் குறைகிறது.

கைப்பிடியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் இறக்கை நுனி வழியாக உள்ளே போய், பெல்கிராங்க் என்னும் நெம்புகோலைத் திருப்புகின்றன. அது ஒரு தண்டைத் தள்ளி ஃபிளாப்பையும் எலிவேட்டரையும் எதிரெதிராக அசைக்கிறது. இந்த வழியில் எந்த மூட்டில் துளி ஆட்டம் இருந்தாலும் விமானம் நேர்க்கோட்டில் நிற்காது, மேலும் கீழுமாக அலையும். அதனால் பெல்கிராங்கை நல்ல தடிமனான பிளைவுட்டில் பொருத்துங்கள். இறக்கையை மூடிய பிறகு அதைத் தொட வழியே இல்லை. ஃபிளாப்பும் எலிவேட்டரும் தம் எடையிலேயே விழும் அளவுக்குக் கீல்கள் இலகுவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

கம்பியின் நீளம் விதிப்படி 15 முதல் 21.5 மீட்டருக்குள் இருக்கலாம். நான் 20 மீட்டர் வைத்து, ஒரு சுற்றுக்கு 5.3 வினாடி என்று பறக்கவிடுகிறேன். கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கையில் விழும் இழுவை சுமார் 5 கிலோ. தலைக்கு மேலே போகும்போது விமானத்தின் எடை இதிலிருந்து கழிந்துவிடும். கம்பி தளர்ந்தால் எலிவேட்டர் உங்கள் பேச்சைக் கேட்காது. இழுவையைக் காப்பாற்ற வெளி இறக்கை நுனியில் கொஞ்சம் ஈயம், சுக்கானில் சிறிது வெளிப்பக்கத் திருப்பம், கம்பி வெளியே வரும் இடத்தை முன்பின் நகர்த்தும் வசதி ஆகியவை வேண்டும். ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று நினைக்காதீர்கள். அதிகமானால் கூர்மையான திருப்பங்களில் வெளி இறக்கை துள்ளும், சதுர வளையத்தின் மூலைகள் அசிங்கமாகத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு கிராம், இரண்டு கிராம் வித்தியாசம்கூடக் கையில் தெரியும்.

கம்பியைத் துடைப்பது சின்ன வேலைதான், ஆனால் நான் ஒருநாளும் விடுவதில்லை. ஒவ்வொரு வளையத்துக்கும் கம்பிகள் ஒருமுறை ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். மூன்று உள்வளையங்களில் (விமானத்தின் முதுகு வளையத்தின் உள்பக்கம்) ஏறிய முறுக்கு மூன்று வெளிவளையங்களில் (முதுகு வெளிப்பக்கம்) கழன்றுவிடும். நடுவில் இருக்கும் நேரத்தில் அழுக்கும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் திக்கும். கம்பியில் மடிப்பு விழுந்தால் யோசிக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். போட்டியில் எடையைப் போல் 10 மடங்கு இழுத்துச் சோதிப்பார்கள். அதற்காக மட்டும் இல்லை. சுற்றி மனிதர்கள் நிற்கிறார்கள். மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் கைப்பிடியைத் தொடக்கூடாது. மின்கம்பிகள் இருக்கும் இடத்தின் பக்கமே போகக்கூடாது.

மோட்டாருக்கு வருவோம். முன்பு குளோ எஞ்சின் வைத்திருந்தேன். மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். நேராகப் பறக்கும்போது நான்கு வீச்சில் உறுமி, ஏற்றத்தில் இரண்டு வீச்சுக்கு மாறி, தானே வலு கூட்டிக்கொள்ளும் அந்த ஓட்டம் அழகானது. அந்தச் சத்தத்தை இன்றும் விரும்புகிறேன். ஆனால் வெயிலும் ஈரமும் மாற மாற ஊசி வால்வைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். மின்மோட்டாரில் சுழல்வேகத்தை ஒரு மின்னணுக் கருவியே நிலையாக வைத்துக்கொள்கிறது. பயிற்சியின் முதல் பறத்தலும் போட்டியின் கடைசிப் பறத்தலும் ஒரே மாதிரி இருக்கின்றன. டைமர் சொன்ன நேரத்தில் நிறுத்திவிடுகிறது. முழுப் பறத்தலையும் 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டிய போட்டியில் இது பெரிய நிம்மதி. பேட்டரி கனம்தான் குறை. பருவங்கள் போகப் போக அதன் வலு இறங்குவதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இறக்கை முறுக்கிக்கொள்வது இன்னொரு தொல்லை. காரில் வெயிலில் விட்டால் பிளாஸ்டிக் உறை தளரும், ஃபிளாப் லேசாக வளையும். நான் பட்டுத்தாள் ஒட்டி டோப் என்னும் வார்னிஷ் பூசியதற்குக் காரணம் இதுதான். வேலை இரண்டு மடங்கு, நாற்றமும் உண்டு, ஆனால் இறக்கை விறைப்பாக நிற்கிறது.

புதிதாக வருபவர்கள் ஃபிளாப் இல்லாத சாதாரண பயிற்சி விமானத்தில் தொடங்குங்கள். தலைகீழாகப் பறக்கக் கை பழகும்வரை அதுவே போதும். அப்புறம், பயிற்சிக்குத் தனியாகப் போகாதீர்கள். வளையத்தின் அடிப்பகுதி 1.5 மீட்டர் உயரத்தில் வர வேண்டும், மேல்பகுதி 45 டிகிரி ஏற்றக்கோணத்தில். நடுவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். உங்களுக்குச் சரியாகத் தெரிந்த உயரம் அவர்களுக்கு அப்படித் தெரியாது. வெளியே ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு அடிப்பகுதிக்கும் "உயரம்", "சரி", "தாழ்வு" என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு மதிப்பெண் ஏறியது அதற்குப் பிறகுதான்.