புதைபடிவ இலை: நரம்பா, மேல்தோலா?

லாரேசி (இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பம்) புதைபடிவ இலையைக் கொடைக்கானல் சோலைக்காட்டு இலைகளோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: அடையாளம் காண இலை நரம்பைப் பார்ப்பதா, இலையின் மேல்தோலைப் பார்ப்பதா?

செலவு: நரம்புக்குப் பத்து மடங்கு லென்ஸ் போதும். மேல்தோலுக்கு நுண்ணோக்கியும் அமிலமும் வேண்டும்.

கிடைப்பது: கல்லில் வெறும் அச்சு என்றால் மேல்தோல் இருக்காது.

நம்பகம்: காட்டு இலவங்கப்பட்டை மரத்தின் இலையை வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். காம்புக்குச் சற்று மேலே, நடுநரம்பிலிருந்து இரண்டு நரம்புகள் பிரிந்து நுனியை நோக்கி வளைந்து ஓடும். என்ன அழகு! வேறு குடும்பமான இலந்தைக்கும் மூன்று நரம்புதான், ஆனால் அதன் விளிம்பில் பல் உண்டு, இலவங்கத்தில் கிடையாது. அப்புறம், பழனி மலைத் தோட்டங்களில் விளையும் பட்டர் ஃப்ரூட்டும் இதே குடும்பம். அதன் நரம்போ இறகு போல இருக்கும்; அதனால் நரம்பு மட்டும் போதாது. இந்தக் குடும்பத்தின் மேல்தோலில் இலைத்துளையின் (இலை காற்று வாங்கும் நுண்துளை) இருபுறமும் இணையாகத் துணைச்செல்கள் தெரியும்.

அச்சு மட்டும் கிடைத்தால் நரம்பைப் பாருங்கள். கரிப்படலம் (இலையின் கரியான மிச்சம்) ஒட்டியிருந்தால் மேல்தோலையும் கட்டாயம் பாருங்கள். நரம்பை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள்.