ஸ்பானிய அமெரிக்க இலக்கிய வரலாறு: ஓர் இணைய விரிவுரைத் தொடர்

ஸ்பானிய அமெரிக்க இலக்கியம் என்றால் கார்சியா மார்க்கேஸிலிருந்து பேச்சைத் தொடங்குவதே நம்மில் பலருக்கு வழக்கம். இந்தத் தொடர் அவரிடம் வந்துசேர்வதற்குள் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. அதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

என்னைக் கட்டிப்போட்டது, மெக்ஸிகோ ஸ்பெயினின் காலனியாக இருந்த காலத்து எழுத்தாளர் லிசார்தி பற்றிய விரிவுரை. 1812இல் ஸ்பெயினின் காதிஸ் அரசியல் சட்டம் அச்சுச் சுதந்திரம் அளித்ததும் அவர் பத்திரிகை தொடங்குகிறார். வைஸ்ராயை விமர்சித்ததற்காக அதே ஆண்டில் சிறைக்குப் போகிறார். 1814இல் ஸ்பெயினின் அரியணைக்குத் திரும்பிய ஏழாம் ஃபெர்னாண்டோ அந்தச் சுதந்திரத்தையே பறித்துவிடுகிறார். பத்திரிகையில் சொல்ல முடியாததை லிசார்தி கதையில் ஏற்றுகிறார். 1816இல் வெளிவரத் தொடங்கிய அந்த 'எல் பெரிகீயோ சார்னியெந்தோ'வைத்தான் ஸ்பானிய அமெரிக்காவின் முதல் நாவல் என்பார்கள். அதன் நாயகன் ஒரு மருத்துவரிடம் வேலைக்கு இருந்து, அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, வேற்றூருக்குப் போய்த் தானே மருத்துவனாகிவிடுகிறான். அவன் மாறும் ஒவ்வொரு தொழிலும் அச்சமூகத்தின் ஒரு புண்ணைத் திறந்துகாட்டுவதை விரிவுரையாளர் பொறுமையாக விளக்குகிறார். அடிமை முறையைச் சாடியதால் நான்காம் பாகத்துக்குத் தடை விழுந்தது. லிசார்தி இறந்த பிறகே நாவல் முழுமையாக அச்சேறியது.

பதினேழாம் நூற்றாண்டு மெக்ஸிகோவின் துறவி சோர் ஹுவானா பற்றிய பகுதி சிறியது, ஆனால் அருமை. பெண் கற்பதற்கான உரிமையை வாதாடி 1691இல் அவர் எழுதிய கடிதத்தில், முட்டை எண்ணெயில் இறுகுவதையும் சர்க்கரைப் பாகில் சிதறுவதையும் கவனித்ததைச் சொல்கிறார். அடுப்படியும் ஆய்வுக்கூடம்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அர்ஜென்டினா எழுத்தாளர் சார்மியெந்தோ பற்றிய விரிவுரையில் நேர்மை இருக்கிறது. சிலியில் நாடுகடந்து வாழ்ந்தபோது 1845இல் 'ஃபகுந்தோ' என்ற நூலை எழுதியவர், 1868இல் அர்ஜென்டினாவின் அதிபரானார். பூர்வகுடிகள் மீது அவருக்கிருந்த இகழ்ச்சியை விரிவுரையாளர் பூசி மெழுகவில்லை.

ஒரு குறை எனக்குப் பொறுக்கவில்லை. பெருவின் க்ளோரிந்தா மாத்தோ தெ துர்னெருக்கு ஒரே ஒரு வாக்கியம்! ஆண்டிஸ் மலைப் பூர்வகுடிகளைப் பாதிரியாரும் அதிகாரிகளும் சுரண்டுவதை 1889இல் நாவலாக்கியவர். திருச்சபை அவரை விலக்கிவைத்தது. பின்னர் அவருடைய அச்சகம் சூறையாடப்பட்டது. இலக்கியத்துக்குச் சமூகத்தில் என்ன வேலை என்று கேட்கும் தொடர், அவருக்கு ஒரு முழு விரிவுரை ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஸ்பானிய மொழி தெரியாதவர்கள் ஆங்கில வசன வரிகளோடு பார்க்கலாம். வரிசையாகப் பார்க்க நேரமில்லாதவர்கள் லிசார்தியிலிருந்து தொடங்கலாம்.