குகையில் தோல் கட்டும் ஐயா கடை: எங்கள் தபேலாவும் எங்கள் கீபோர்டுக்காரனும்

சேலம் குகையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் தோல் இல்லாத பழைய தவில் கட்டை ஒன்று தொங்கும், அதுதான் அடையாளம். "தோல் கட்டுற ஐயா கடை" என்று கேட்டால் மாவு மில்லில் வேலை செய்கிற அக்காவே கை காட்டிவிடுவார். மிருதங்கம், தபேலா, டோலக், தவில், பம்பை, உடுக்கை, பறை என்று தோல் போட்ட எதையும் பார்ப்பார். மூன்று வருடமாக நான் வேறு இடத்துக்குப் போனதில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. பகலில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. முகூர்த்த நாளில் மெல்லிசைக் குழு. பதினோரு பேர். நான் டோலக் வாசிப்பேன், கணக்கு வழக்கும் என்னுடையதுதான். புக்கிங் பேசுவது, ஆள் சேர்ப்பது, சம்பளம் கொடுப்பது, யாராவது முறைத்துக்கொண்டு போனால் சமாதானம் பேசுவது எல்லாம் என் தலையில். கடைசி வேலை கொஞ்ச வருடமாக அதிகமாகிவிட்டது. காரணம் எங்கள் கீபோர்டுக்காரன்.

அவனும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறோம். அவன் காது மாதிரி ஒரு காதை நான் பார்த்ததில்லை. பாடுபவர் இரண்டாவது வரியில் கட்டை, அதாவது சுருதி, மாறினால், மூன்றாவது வரி தொடங்குவதற்குள் இவன் கை ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தொட்டிருக்கும். அந்தத் திறமைக்காகத்தான் அவன் வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். கூலிக்கு வருகிற வாத்தியக்காரர்களை அவன் மதிக்க மாட்டான். புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்கினால் "ஆஸ்துமாவா?" என்பான். பேட் வாசிக்க வந்தவரை "பட்டன் அமுக்கறவர்" என்பான். ஒரு பொங்கல் விழாவில் பறைக் குழுவும் நாங்களும் ஒரே மேடை. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கர், மானிட்டர், ஒன்று கேட்டார்கள். "கொட்டடிக்க எதுக்கு மானிட்டர்?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டான். நான் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு அந்தக் குழுவின் அண்ணனுக்கு போன் போட்டு, "அவன் அப்படித்தாங்கண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். அவர் "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஏற்காட்டில் ஒரு ரிசப்ஷன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனபோதே வண்டியின் முன் கண்ணாடியில் மூடுபனி. ஏரிப் பக்கம் புல்தரையில் ஷாமியானா போட்டு மேடை. தபேலாவுக்கு ஓமலூரிலிருந்து ஒரு பையன், இருபது வயது, எங்களோடு அவனுக்கு அது இரண்டாவது கச்சேரி. சேலத்தில் ஒன்றரைக் கட்டைக்குச் சரியாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். மலை மேல் பையிலிருந்து எடுத்துத் தட்டினால் சத்தம் தொய்ந்து போயிருக்கிறது. என் போனில் சுருதி பார்க்கிற ஆப்பை வைத்தேன். 277 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது 265-ல் நிற்கிறது. கிட்டத்தட்ட அரைக் கட்டை இறக்கம். இதில் பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இழுத்தால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். கீபோர்டுக்கு அந்தக் கவலை கிடையாது. சேலத்திலும் ஏற்காட்டிலும் அதற்கு ஆறு கட்டை என்றால் 440-தான்.

பையன் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கள் ஆள் மைக்கைப் பிடித்தான். "தபேலாவுக்குக் குளிருதாம். வாசிக்கிறவருக்கும் சேர்த்து ஒரு ஸ்வெட்டர் குடுங்க." முன் வரிசை சிரித்தது. அதோடு விடாமல், "ஓமலூர்ல இருந்து கூட்டிட்டு வந்தா இப்படித்தான்" என்றான். பையன் தலை நிமிரவில்லை. அடுத்த அடியில் சுத்தியல் நழுவி, தபேலாவின் மேல் தோல் மூடியான புரியின் ஓரத்தில் விழுந்தது, தோல் இரண்டு அங்குலம் கிழிந்தது. அன்றைய கச்சேரியை என் டோலக்கை வைத்தே ஒப்பேற்றினோம். பையன் கடைசி வரை மேடையை விட்டு இறங்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே இறங்கும்போது வண்டியில் ஒருவரும் பேசவில்லை. தபேலாவை என்னிடம் கொடுத்து, "நீங்களே சரி பண்ணிக் குடுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓமலூர் பஸ் ஏறினான்.

ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம் அது. கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா தொடங்கும் பூச்சாட்டு நெருங்கிவிட்டால் சேலத்தில் தோல் கட்டுகிற எந்தக் கடையிலும் நிற்க இடம் இருக்காது. ஐயா கடையிலும் சுவரோரம் வரிசையாகப் பம்பை, உடுக்கை, இரண்டு தவில். கார் அவனுடையது என்பதால் கீபோர்டுக்காரனும் கூட வந்திருந்தான். எங்களுக்கு முன்னால் ஒரு பம்பைக்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மரப் பம்பையையும் வெண்கலப் பம்பையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

இவன் வாயைத் திறந்தான். "ஐயா, எங்களுக்கு சனிக்கிழமை ஸ்டேஜ் ப்ரோகிராம். அதை அப்புறம் பாத்துக்கலாமே. கோயில்ல கொட்டுறதுக்கு எந்த சுருதி?"

பெரியவர் தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. வழக்கம் போல நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் ஐயா நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "இங்க வந்த வரிசைதான் தம்பி. உக்காரு. உக்காந்துட்டு இதைக் கேளு." வெண்கலப் பம்பையை ஒரு தட்டு, மரப் பம்பையை ஒரு தட்டு. "ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு சொல்லு. உனக்குக் காது இருக்குன்னு இவன் சொல்லியிருக்கான்."

அவன் கேட்டான். மறுபடி தட்டச் சொன்னான். அது கேலிக்காக இல்லை, நிஜமாகவே யோசித்தான். "வெண்கலம் கொஞ்சம் தளர்ந்திருக்கு" என்றான். பெரியவர் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். "அதுக்குத்தான் கொண்டாந்தேன் சாமி. ரெண்டும் சேராம கெடந்தா அருள் எறங்காது. கூட்டம் என்னையத்தான் பாக்கும்."

அன்றைக்கு எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஐயாவின் உதவியாள் வரவில்லை. தபேலாவுக்கு வார் இழுக்கும்போது, "தம்பி, இந்த முனையைப் பிடி" என்று கீபோர்டுக்காரனிடமே கொடுத்துவிட்டார். வார் எருமைத் தோல், தண்ணீரில் ஊறி வழவழவென்று இருக்கும். ஐயா தபேலாவை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புரியின் பதினாறு கண்ணில் ஒவ்வொன்றாக வாரைக் கோத்து இழுப்பார். அவர் இழுத்ததை நழுவ விடாமல் இவன் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கண் தளர்ந்தால் அந்தப் பக்கம் மட்டும் சுருதி சேராது. ஆறாவது கண்ணிலேயே இவன் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது. வாத்தியம் வாசிக்கிற கை அது, நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நகர்ந்தேன். "இருக்கட்டும்" என்று அவனே சொன்னான். பதினாறும் முடிந்த பிறகு தபேலாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கிழிச்சிட்டான் பையன்" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஓமலூர்ப் பையனுக்கு நீ போன் பண்ணியா?" பண்ணினேன் என்றேன். "இவன்கிட்டப் பேசினியா?" இல்லை. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் அடுத்த உடுக்கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவனை மட்டும் கூப்பிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் சிறு வயதிலிருந்து சாப்பிடுகிற தட்டுவடை செட் வண்டி. "உன் குணம் சரியில்லை" என்று ஆரம்பித்தால் அவன் சண்டைக்கு வருவான் என்று தெரியும். அதனால் அவன் பேசினதை மட்டும், எந்த ஊர், எந்த மேடை, யாரிடம் என்று வரிசையாகச் சொன்னேன். ஆஸ்துமா, பட்டன், மானிட்டர், ஸ்வெட்டர். "தமாசுக்குச் சொன்னதுடா" என்றான். "யாரு சிரிச்சா? அந்தப் பையன் சிரிச்சானா?" என்று கேட்டேன். பறைக்காரர்கள் பேச்சு வந்தபோது எனக்கே குரல் நடுங்கியது. 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பறை இசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்த அன்று, நாங்கள் இரண்டு பேரும் இதே வண்டியில் நின்று அந்தச் செய்தியைப் போனில் பார்த்தோம். "அன்னிக்குக் கை தட்டினியே, அவரு வாசிக்கிறதும் அதே கொட்டுதானேடா" என்றேன்.

கடைசியில், "நான் இல்லாம குழு ஓடுமா?" என்று கேட்டான்.

"ஓடாது. அதனாலதான் ஆறு வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன். அது என் தப்பு. இனிமே ஓடலைன்னாலும் பரவால்ல."

மூன்று விஷயம் கேட்டேன். மேடையில் மைக்கில் வேறு வாத்தியக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. கச்சேரிக்கு அரை மணி முன்னால் தோல் வாத்தியக்காரர்களுக்கு அவன்தான் சுருதி கொடுக்க வேண்டும், அவர்கள் சேர்த்து முடிக்கிற வரை பக்கத்தில் இருக்க வேண்டும். ஓமலூர்ப் பையனிடம் நேரில் போய்ப் பேச வேண்டும், போனில் இல்லை. தட்டுவடை செட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான்கு நாள் போன் இல்லை. சனிக்கிழமைக் கச்சேரிக்குத் தருமபுரியிலிருந்து வேறு கீபோர்டு பிடித்தேன். கச்சேரி சுமாராகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

இனி வேலையைப் பற்றி. தபேலாவுக்குப் புதுப் புரி, புது வார், எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் வாங்கினார். என் டோலக்குக்குக் கயிறு மாற்றி, இடது பக்கம் உள்ளே பூசும் மசாலாவைப் புதுசாகப் போட 600. வெளியே இதைவிடக் குறைவாகச் செய்கிற இடம் உண்டு. ஐயாவிடம் வருவதற்கு முன் ஒரு முறை வேறு ஊரில் கொடுத்து, தோலின் நடுவில் இருக்கும் கறுப்புப் பொட்டு ஒரே மாதத்தில் தூளாக உதிர்ந்து வந்தது. ஐயா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவார். ஒரு சிட்டிகைப் பசை, வழவழப்பான கல்லால் காய்கிற வரை தேய்ப்பு, மறுபடி ஒரு சிட்டிகை. மிருதங்கத்துக்குக் கரணை, அதாவது அதன் கறுப்புப் பொட்டு, போடுவதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்க்கத் தேய்க்க, தட்டுகிற சத்தம் மந்தமாக இருந்தது மெல்ல மணி மாதிரி தெளியும். கொலுசு முத்தைத் தட்டிப் பார்த்தே பழகிய காது எனக்கு. அந்தத் தெளிவு வருகிற நிமிடம் உடம்பு சிலிர்க்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு அவர் சொன்ன யோசனையும் பலித்தது. மேலே போனதும் வாத்தியத்தைப் பையை விட்டு எடுத்துவிட வேண்டும், மேடை விளக்கின் சூடு லேசாகப் படுகிற இடத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் சுத்தியலைத் தொட வேண்டும். பறைக்காரர்கள் நெருப்பில் காட்டுவதும் இதற்குத்தான். பனி கிடக்கும்போதே அடித்து ஏற்றினால் கீழே வந்ததும் விறைத்துத் தெறிக்கும்.

குறையும் உண்டு. புதன் என்றால் சனி, சனி என்றால் அடுத்த செவ்வாய். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ரசீது கிடையாது. கார் நிறுத்த வசதி அறவே இல்லை, சந்துக்கு வெளியேதான் விட வேண்டும். ஊறின தோல் வாடை பழக்கமில்லாதவர்களுக்குத் தலையைச் சுற்றும். போல்ட் போட்ட தவிலில் மரை போயிருந்தால் அவர் பார்ப்பதில்லை, லேத்துக்கு அனுப்பிவிடுவார். ஃபைபர் போட்ட பறையையும் தொட மாட்டார்.

தபேலா தயாரானதும் வாங்கப் போனேன். அங்கே இல்லை. "உங்க கீபோர்டுக்காரத் தம்பி நேத்தே காசு குடுத்து எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார் ஐயா. ஓமலூருக்கு அவனே கொண்டுபோயிருக்கிறான். அங்கே என்ன பேசினார்கள் என்று அவன் இன்னும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பையன் தபேலாவை வாங்கிக்கொண்டான், ஆனால் எங்கள் குழுவுக்கு வர மாட்டேன் என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். அவன் கோபம் நியாயமானது. இப்போது ஆத்தூரிலிருந்து ஒருவர் வருகிறார். போன வாரக் கச்சேரியில் அரை மணி முன்னால் கீபோர்டுக்காரன் ஒன்றரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றிருந்தான்.

கடை காலை பத்தரைக்குத் திறக்கும், சாயங்காலம் வெளிச்சம் இருக்கிற வரை. ஆடிக்கும் மார்கழிக்கும் வேலை இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.