சேலத்துக்கு எந்த வாழை? வைரஸை முன்வைத்து ஓர் அலசல்

வாழை போடப்போகிறவர்கள் தாரின் எடை, பரமத்தி வேலூர் ஏலத்தில் கிடைக்கும் விலை, காற்றுக்குத் தாங்குமா என்பதையெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் நோயைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். அப்போதும் கேட்பது "எந்த இரகத்துக்கு நோயே வராது?" என்றுதான். வைரஸைப் பொறுத்தவரை நாம் பயிரிடும் வாழையில் அப்படி ஓர் இரகம் கிடையாது. நோயை எவ்வளவு சீக்கிரம் வெளிக்காட்டுகிறது, தாரை எந்த அளவுக்குக் கெடுக்கிறது, பக்கக்கன்றோடு அடுத்த தோட்டத்துக்கு எப்படிப் போகிறது என்பவற்றில்தான் இரகத்துக்கு இரகம் வித்தியாசம். என் கணக்கில், நோயை மறைத்து வைத்துக்கொள்ளும் வாழையைவிடச் சட்டென்று காட்டிக்கொடுக்கும் வாழையே மேல்.

ஏற்காடு மலையிலிருந்து தொடங்குகிறேன், நட்டம் அங்கேதான் பெரிது. காப்பிக்கு நடுவே நிற்கும் மலைவாழைக்கு, அதிலும் விருப்பாட்சிக்கு, எமன் முடிக்கொத்து என்கிற வைரஸ் நோய். 1889-ல் பிஜித் தீவில் பதிவான இந்த நோய் 1940 வாக்கில் இலங்கை வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தது. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன கீழ்ப்பழநி மலையில் 18,000 ஹெக்டேர் அளவுக்கு இருந்த விருப்பாட்சி 2,000 ஹெக்டேராகச் சுருங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இந்த நோயைப் பிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. புதிதாக விரிந்த இலையைத் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டிய சிறு நரம்புகளில் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறியீடு அடித்ததுபோல ஓடும். சில கோடுகள் நடுநரம்பைத் தொடும் இடத்தில் கொக்கியாக வளையும். அடுத்து வரும் இலைகள் குறுகி, விறைத்து, ஓரம் மஞ்சளித்து உச்சியில் கொத்தாக நிற்கும். அந்த நிலையில் எவருக்கும் தெரியும். ஆனால் அதற்குள், சாறு உறிஞ்சி வைரஸைச் சுமக்கும் அசுவினிப் பூச்சி அடுத்த மரங்களுக்குப் போயிருக்கும். மட்டையிலும் குருத்திலும் எறும்பு வரிசையாக ஏறினால் பட்டையைச் சற்று விலக்கிப் பார்ப்பது நல்லது. அசுவினி இருக்கும் இடத்தில்தான் எறும்புக்கு வேலை.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. வைரஸ் ஏறிய பிறகு குறைந்தது இரண்டு இலையாவது புதிதாக வந்தால்தான் அறிகுறி தெரியும். எடப்பாடி, பூலாம்பட்டிப் பக்கத்து வெயிலில் வாரம் பத்து நாளுக்கு ஓர் இலை விரியும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிப் பனியில், அதே இரண்டு இலை வர வெகுநாள் ஆகும். அதுவரை மரம் நலமாகவே தோன்றும். அதன் கன்றைத் தோண்டிப் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சமவெளியில் ஒரு தார், பக்கக்கன்றில் வரும் ஒரு மறுதாம்போடு தோட்டத்தை அழிக்கிறார்கள். மலைவாழையோ ஒரே குத்தில் பல ஆண்டுகள் நிற்கிறது. நோய் பரவக் கவனிப்பாரற்ற ஒரு குத்து மூலையில் இருந்தால் போதும். ஆகவே விருப்பாட்சி அழிந்ததற்கு அதன் மரபணுவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, நாம் அதை வளர்த்த விதத்துக்கும் பாதிப் பங்கு உண்டு.

இதற்கு நேர் எதிரே ஜி-9 என்கிற கிராண்ட் நைனை வைக்கலாம். முடிக்கொத்துக்கு இதுவும் எளிதில் இரையாகும் இனம்தான். 1920-களில் ஆஸ்திரேலிய வாழைத் தோட்டங்கள் சூறையாடப்பட்டபோது, நோய் தாங்கும் இரகம் எதுவும் கைகொடுக்கவில்லை. தோட்டம் தோட்டமாகச் சோதித்து, நோய்ப்பட்ட மரத்தை அழிப்பதைக் கட்டாயமாக்கித்தான் தொழிலை மீட்டார்கள். நம் ஊரில் ஜி-9 தப்பிப்பதற்குக் காரணம், பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய திசு வளர்ப்புக் கன்றாக வாங்கி நடுவதுதான். சுத்தமான கன்று, குறுகிய பயிர்க்காலம், வெட்டவெளி நிலம் என மலைவாழைக்கு வாய்க்காத மூன்றும் இதற்கு வாய்த்திருக்கின்றன.

ஆனால் ஜி-9-க்கு வேறொரு எதிரி இருக்கிறது: வெள்ளரித் தேமல் வைரஸ். திசு வளர்ப்புக் கன்று இளசாக இருக்கும் முதல் சில மாதங்களில் இது பட்டால் இலையில் வெளிர்மஞ்சள் திட்டு விழும், முற்றினால் குருத்தே அழுகும். வைரஸ் குடியிருப்பது வெள்ளரி, பூசணி, தக்காளி, மிளகாய் போன்றவற்றில். கொண்டு வருவது பருத்தி அசுவினி. ஊடுபயிராகப் பூசணிக்கொடி ஓட விட்டுக் கூடுதலாக நாலு காசு பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். கட்டையிலிருந்து, அதாவது கிழங்கோடு தோண்டிய பக்கக்கன்றிலிருந்து, வரும் வாழை இந்த விஷயத்தில் சற்றுத் திடம்.

நேந்திரன் கதை வேறு. சிப்ஸ் விலையை நம்பி இதைப் போடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பூமடல் தேமல் என்கிற வைரஸ் நோய். கேரளத்தில் 'கொக்கான்' என்று பெயர். தண்டின் வெளிப்பட்டையை உரித்தால் இரண்டு முனையும் கூராக, நடுவில் தடித்த செம்பழுப்புக் கீற்றுகள் தெரியும். பூ வந்தால் மடலிலும் அதே கீற்று. சில மரங்களில் இலைகள் இரண்டு பக்கமாக மட்டும் அடுக்கி விசிறி வாழைபோல நிற்கும். தார் வரும், ஆனால் வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிற தார்.

மருந்து விஷயத்தில்தான் இரண்டு நோயும் முற்றாகப் பிரிகின்றன. முடிக்கொத்து வைரஸை அசுவினி உறிஞ்சிக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும், ஏற்றிய பிறகு பல நாட்கள் சுமக்கும். எனவே அசுவினியைக் கொல்வதில் பயன் உண்டு. பூமடல் தேமல் வைரஸையோ அசுவினி சில நொடிகளில் குத்தி எடுத்து, அடுத்த மரத்தில் சில நொடிகளில் குத்திக் கொடுத்துவிடும். மருந்து பட்டுச் சாவதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். நேந்திரனுக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் காசைக் கன்று தேர்வில் போடுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

பூவனைப் பற்றி அதிகம் பேச ஆளில்லை, காரணம் அது சத்தமில்லாமல் நோயோடு வாழ்கிறது. இலையில் மஞ்சள் கீற்று விழுந்து, பிறகு கருத்து, ஊசியால் கீறியதுபோல நிற்பது வரிக்கீற்று வைரஸ். காட்டு வாழையான மூசா பல்பிசியானாவின் மரபணுவிலேயே இந்த வைரஸின் துண்டுகள் சில கலந்து கிடக்கின்றன. அந்த வழி வந்த இரகங்களில், வெயில் குளிர் மாறும்போதோ திசு வளர்ப்பின் நெருக்கடியிலோ அவை விழித்துக்கொள்ளும். மைசூர் இனத்தைச் சேர்ந்த பூவனில் இந்த வைரஸ் ஏறக்குறைய எல்லா மரத்திலும் உண்டு. எடை குறையலாம், ஆனாலும் தார் வந்துவிடும். பரம்பரை பரம்பரையாகப் பூவன் போடுகிறவருக்கு இது நோயென்றே தெரியாமல் போவதில் வியப்பில்லை.

மொந்தன், கற்பூரவள்ளி இரண்டிலும் அதே பல்பிசியானா இரத்தம் கூடுதல். அந்த வகை வாழைகளில் முடிக்கொத்து பொதுவாக மெதுவாகவே தலைகாட்டும். இதை எதிர்ப்புச் சக்தி என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தாமதமாகக் காட்டுகிறது என்றால், அதுவரை அசுவினிக்குச் சோறு போடுகிறது என்றும் பொருள். விருப்பாட்சித் தோட்டத்து வேலியோரம் இவற்றை நடுவதை நான் விரும்ப மாட்டேன்.

மலையில் விருப்பாட்சியை விட வேண்டியதில்லை. வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றாக நட்டு, மாதம் ஒருமுறை காப்பிச் செடிகளுக்குள் புகுந்து இலையைத் திருப்பிப் பார்க்க ஆள் இருந்தால் அதுவே முதல் தேர்வு. ஆள் இல்லையென்றால் வாழையை விட்டுவிட்டு, காப்பிக்கு நடுவே மிளகோடு நிறுத்திக்கொள்ளலாம். சமவெளியில் நீர் வசதி உள்ளவருக்கு ஜி-9, பூசணி இல்லாமல். நேந்திரன், நோயில்லாத தாய் மரத்தைப் பூ வந்த நிலையில் நேரில் பார்த்துக் கட்டை எடுக்க முடிந்தவருக்கு மட்டும். கவனிக்க நேரமில்லாதவருக்குப் பூவன்.

திசு வளர்ப்புக் கன்று விற்பவரிடம் விலைக்கு முன்னால் சான்றிதழைக் கேளுங்கள். திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை 2006-லிருந்து இருக்கிறது. வைரஸ் சோதனை அதில் அடக்கம். தோட்டத்தில் முடிக்கொத்து கண்ட மரத்தை உடனே வெட்டிச் சாய்க்காதீர்கள், வாடும் மரத்தை விட்டு அசுவினி பக்கத்து மரத்துக்கு ஏறிவிடும். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொன்று, பிறகு கன்றுகளோடும் கிழங்கோடும் குத்து முழுவதையும் தோண்டி எடுங்கள். கிழங்கு மண்ணில் தங்கினால் அதிலிருந்து முளைக்கும் கன்றும் நோயோடுதான் வரும்.