சின்னக் கைக்குச் சின்ன வாட்ச்: கார்மின் லில்லியோடு பழகிய கதை

என் மணிக்கட்டின் சுற்றளவு 14 சென்டிமீட்டர், தையல் நாடா வைத்து அளந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்மார்ட்வாட்ச் பற்றி வருகிற முக்கால்வாசி விமர்சனங்களை எழுதுகிறவர்களுக்குக் கை பெரியது. 44, 46 மில்லிமீட்டர் டயல் அவர்களுக்கு அளவாக உட்காரும். எனக்கு அது எலும்பைத் தாண்டி ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும், கையை மடக்கினால் ஓரம் புறங்கையில் குத்தும், ராத்திரி தூக்கத்தில் எப்போது கழற்றி வைத்தோம் என்றே தெரியாமல் கழற்றி வைத்திருப்போம். கழற்றி வைத்த வாட்ச் எதையும் அளக்காது. அது மட்டும் இல்லை, பின்பக்கம் எரிகிற அந்தப் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்த ஓட்டத்துக்கு ஏற்றபடி கூடியும் குறைந்தும் திரும்பி வருவதை வைத்துத்தான் நாடித்துடிப்பைக் கணக்குப் போடுகிறது. வாட்ச் தோலோடு ஒட்டி உட்காராமல் இடைவெளி விட்டால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து எண் தாறுமாறாகப் போகும். ஆகவே ஒல்லிக் கைக்காரிகள் சின்ன வாட்ச் கேட்பது அழகுக்காக என்று கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

தேடும்போது எரிச்சலூட்டியது 'பெண்களுக்கானது' என்ற அலமாரிதான். ரோஸ் கலர் ஸ்ட்ராப், டயலைச் சுற்றி வெள்ளைக் கல், உள்ளே ஆண்கள் வாட்ச்சில் இருக்கும் அதே சாமான், அதே தடிமன். கல் பதித்தால் அது பெண்களுக்கானது ஆகிவிடும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. ஆப்பிள் வாட்ச் எஸ்இயில் 40 மி.மீ. இருக்கிறது, நல்ல வாட்ச், ஆனால் ஐபோன் வேண்டும், நான் ஆண்ட்ராய்டு. தவிர அதைத் தினமும் சார்ஜ் போட வேண்டும், இருக்கிற தினசரி வேலைகளே எனக்குப் போதும். ஃபிட்பிட் லக்ஸ் வளையல் மாதிரி ஒல்லியாக அழகாக இருந்தது, கொஞ்ச நாள் மனசு அதிலேயே இருந்தது. கடைசியில் கார்மின் லில்லி. 2021இல் வந்த முதல் மாடல், அமெரிக்காவில் 200 டாலர் விலையில் அறிமுகமானது. 34 மி.மீ. டயல், 14 மி.மீ. ஸ்ட்ராப், மொத்தமே 24 கிராம் சொச்சம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி லீவுக்கு வரும்போது வாங்கி வந்தான். “இந்தக் காசுக்கு இதைவிடப் பெரிசா, கலர் ஸ்கிரீனோட எவ்வளவோ இருக்குக்கா” என்று ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குப் பெரிசு வேண்டாம் என்பதை அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை. இப்போது ரெண்டு வருஷம் தாண்டிவிட்டது, கழற்றுவது குளிக்கும்போதும் சார்ஜ் போடும்போதும் பொதுத்தேர்வு மேற்பார்வைக்குப் போகும்போதும்தான்.

பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வேலைக்குச் சேலைதான். சேலையில் பாக்கெட் கிடையாது. இது சொல்ல அற்பமாக இருக்கும், ஆனால் இந்த வாட்ச் எனக்கு உபயோகப்பட்ட விதத்தில் பாதி இதற்குள் அடங்கிவிடும். ஃபோன் எப்போதும் ஹேண்ட்பேக்கில், பேக் ஸ்டாஃப் ரூமில் அல்லது பஸ்ஸில் மடியில். முன்பெல்லாம் அம்மாவின் மிஸ்டு கால் நான்கைந்து சேர்ந்த பிறகுதான் பார்ப்பேன், அதற்குள் அம்மா ஊரைக் கூட்டியிருப்பார். இப்போது மணிக்கட்டில் லேசாக ஒரு அதிர்வு, குனிந்து பார்த்தால் பெயர். எடுக்க வேண்டிய காலா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் ஃபோனை எங்கே வைத்தோம் என்று தேடும்போது வாட்ச்சிலிருந்தே அதை அலறவைக்கலாம். துவைக்கப் போட்ட துணிக்குள்ளிருந்தெல்லாம் அலறியிருக்கிறது.

பார்க்க இது ஸ்மார்ட்வாட்ச் மாதிரியே இருக்காது. கண்ணாடிக்கு அடியில் ஒரு கோலம் போன்ற வடிவம் மட்டும் தெரியும், கையைத் திருப்பினாலோ தட்டினாலோதான் அதற்குப் பின்னாலிருந்து எழுத்துகள் எழும்பி வரும். கல்யாண வீட்டில் பட்டுச்சேலைக்குப் போட்டாலும் யாரும் 'என்ன இது' என்று கேட்கவில்லை. ஸ்கிரீன் கறுப்பு வெள்ளைதான், கலர் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் என் கண் மேல். நாற்பத்தைந்துக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவர்கள் இந்த அளவு ஸ்கிரீனை வாங்குவதற்கு முன்னால் கண்ணாடி போடாமல் ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள். மணியும் அடிக்கணக்கும் பெரிய எழுத்தில் வருவதால் பிரச்சினை இல்லை, வாட்ஸ்அப் செய்தி வந்தால்தான் கையை நீட்டி, சுருக்கி, திரும்ப நீட்டி என்று ஒரு உடற்பயிற்சியே நடக்கும். மதுரை மத்தியான வெயிலில் அதுவும் முடியாது, சேலைத் தலைப்பை நிழலுக்குப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

பொத்தானே இல்லாமல் எல்லாம் தொட்டு நகர்த்துவது என்பதால் அடுப்படியில் எந்தத் தொடுதிரைக்கும் உள்ள கஷ்டம் இதற்கும் உண்டு. ஈரக்கை, மாவுக்கை, எண்ணெய்க்கை மூன்றையும் அது மதிக்காது. சப்பாத்தி மாவு பிசையும்போது கால் வந்தால் மூக்கு நுனியால் தட்டிப் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறது. வளையல்தான் இன்னொரு விஷயம். வாட்ச்சைக் கீழேயும் வளையலை மேலேயும் போட்டால் வளையல் சரிந்து வந்து டயலில் மோதிக்கொண்டே இருக்கும், கண்ணாடி ஓரத்தில் மெல்லிய கீறல்கள் அப்படி வந்தவைதான். இப்போது இடது கையில் வாட்ச் மட்டும், வளையல் எல்லாம் வலது கைக்கு. அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை, ஒரு கையை மொட்டையாக வைத்துக்கொண்டு என்ன நாகரிகம் என்பார். எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளிப் போட்டால்தான் நாடிக் கணக்கு ஒழுங்காக வரும் என்று அவரிடம் விளக்கிப் பார்த்துவிட்டேன்.

சரி, அடிக்கணக்கு. இது எல்லாரும் கேட்பது, எனக்கு இப்போது சுவாரஸ்யம் குறைந்துபோனது. வாட்ச் காலைப் பார்ப்பதில்லை, கையின் ஆட்டத்தைப் பார்த்துக் கால் நடந்ததாக ஊகிக்கிறது. தேங்காயை இடது கையில் பிடித்துத் துருவுமனையில் உருட்டி உருட்டித் துருவினால் ஒரு மூடிக்கு நூறு இருநூறு அடி நடந்ததாகச் சொல்லும். மோசமான ரோட்டில் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் அதற்கும் கொஞ்சம் போடும். ஆனால் ரெண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தால் பாதியைத்தான் ஒத்துக்கொள்ளும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடந்தாலும் அப்படித்தான். இது எந்தக் கம்பெனி வாட்ச்சுக்கும் பொது. அந்தப் பத்தாயிரம் அடி என்ற இலக்கும் டாக்டர்கள் ஆராய்ந்து சொன்னதில்லை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து கிளம்பியது. மான்போ-கேய், அதாவது பத்தாயிரம் அடிமானி. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே என் இலக்கை ஏழாயிரத்துக்கு இறக்கிவிட்டேன், ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

தூரத்துக்கு முதல் லில்லியில் சொந்த ஜிபிஎஸ் கிடையாது, ஃபோனைக் கையோடு கொண்டுபோனால் அதன் ஜிபிஎஸ்ஸை வாங்கிக்கொள்ளும். ஃபோன் இல்லாமல் போனால் நம் எட்டு இவ்வளவு நீளம் என்று ஒரு கணக்கு வைத்துப் பெருக்கும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் நடப்பேன். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது, ஒரு பக்கம் ஆயிரம் அடி, மறுபக்கம் 950 அடி என்பார்கள், ஆக ஒரு சுற்று 1.2 கிலோமீட்டருக்குப் பக்கம், ரோட்டோரமாக நடந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்கே ஒன்றரை கிலோமீட்டர் என்று தாராளமாகக் காட்டியது. ஃபோனையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை சுற்றி, அந்தத் தூரத்தை நான் வைத்த அடிகளின் எண்ணிக்கையால் வகுத்து, என் எட்டின் நீளத்தை ஆப்பில் மாற்றிப் போட்ட பிறகு சரியாகிவிட்டது. நீங்கள் வாங்கினாலும் முதல் வாரத்திலேயே அளவு தெரிந்த ஓர் இடத்தில் நடந்து இதைச் செய்துவிடுங்கள், முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் நீளம் நம் உயரத்துக்குப் பொருந்துவது அபூர்வம்.

இந்த வாட்ச்சை இன்னும் கையில் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் வேறு. ஓய்வுநிலை நாடித்துடிப்பு என்று ஒன்று காட்டும், 24 மணி நேரத்தில் எந்த அரை மணி நேரத்தில் சராசரி மிகக் குறைவாக இருந்ததோ அந்த எண். ஒருநாள் எண்ணுக்கு மதிப்பில்லை. மாதக்கணக்கில் கோடாகப் பார்த்தால்தான் அது பேசத் தொடங்கும். எனக்கு அது 68, 69 என்று கிடக்கும், மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ரெண்டு மூன்று கூடும், வந்ததும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் இயல்பானதுதான், ஹார்மோன் வேலை. தேதிகளையும் அதே ஆப்பில் குறித்து வந்தேன். அடுத்தது எப்போது வரும் என்று அது சொல்வது இருபது முப்பது வயதுக்காரிகளுக்குப் பலிக்கலாம், என் வயதில் சுழற்சியே தாறுமாறாக இருக்கும்போது அதன் ஜோசியம் எடுபடவில்லை. ஆனால் பழைய தேதிகள் அப்படியே இருந்தன, எத்தனை நாள், எவ்வளவு அதிகம் என்பதோடு.

போன வருஷம் மழைக்காலத்தில் அந்தக் கோடு மேலே ஏறியது. 72, 74, அப்புறம் 78. மாதவிடாய் முடிந்த பிறகும் இறங்கவில்லை. காய்ச்சல் இருந்தால் ஏறும், ஆனால் காய்ச்சல் இல்லை. இரண்டாம் மாடி வகுப்புக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது, அதை வயசு என்று தள்ளியிருந்தேன். டாக்டரம்மாவிடம் போனபோது வழக்கம் போல “கடைசியா எப்போ வந்தது, எத்தனை நாள் இருந்தது?” என்று கேட்டார். வழக்கமாக விட்டத்தைப் பார்த்து யோசிப்பேன். இந்த முறை ஆறு மாதத்துத் தேதிகளையும் நாடிக் கோட்டையும் ஃபோனில் நீட்டினேன். நாடிக் கோட்டை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தேதிகளை நிதானமாகப் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குச் சற்று மேலே. மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகிப் பல மாதமாக ரத்தம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, குறைந்த ரத்தத்தை வைத்து இதயம் வேகமாக ஓடிச் சமாளித்திருக்கிறது. வாட்ச் நோயைக் கண்டுபிடித்தது என்று யாராவது இதைச் சுருக்கிச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கண்டுபிடித்தது டாக்டரும் ஐம்பது ரூபாய் சொச்சத்துக்கு எடுத்த பரிசோதனையும்தான். என்னைக் கிளப்பி அனுப்பியது அந்தக் கோடு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆகவே என் கதையில் விசேஷம் ஒன்றும் கிடையாது. இரும்புச்சத்து மாத்திரையும் போக்கைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் சாப்பிட்டு, சில மாதத்தில் கோடு படிப்படியாக எழுபதுக்குக் கீழே வந்தது. பெண்களுக்கான வாட்ச் என்று எதையாவது விற்பதாக இருந்தால் நாடிக் கோட்டையும் மாதவிடாய்த் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், கல்லைப் பதிப்பது அப்புறம் இருக்கட்டும்.

மன அழுத்தம், உடம்பில் தெம்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பாடி பேட்டரி என்பவற்றை நான் அதிகம் பார்ப்பதில்லை. இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேர வித்தியாசத்தை வைத்துப் போடும் கணக்கு அது, அதன் பின்னால் இருப்பது 2020இல் கார்மின் வாங்கிய ஃபர்ஸ்ட்பீட் அனலிட்டிக்ஸ் என்ற பின்லாந்துக் கம்பெனி. சும்மா இருக்கும்போது குடித்த ஸ்ட்ராங் காபிக்கும் அழுத்தம் என்று காட்டும், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கும் அதையே காட்டும். ரத்த ஆக்சிஜன் அளவை அணைத்து வைத்துவிட்டேன், பேட்டரியைக் குடிக்கிறது. கலோரியைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் எழுந்திரு என்று அதிர்கிறதே, அது மட்டும் விடைத்தாள் திருத்தும் நாட்களில் இடுப்புக்கு நல்லது செய்தது.

ஸ்ட்ராப் கதை ஒன்று பாக்கி. சிலிக்கோன் ஸ்ட்ராப் சித்திரை வெயிலில் வேர்வை தங்கி, தோல் சிவந்து அரித்தது. இது சிலிக்கோனில் யாருக்கும் வரும், தினம் ஒருமுறை கழற்றிக் கழுவித் துடைத்துப் போட்டால் குறையும். நான் தோல் ஸ்ட்ராப்புக்கு மாறினேன். 14 மி.மீ. லேடீஸ் ஸ்ட்ராப் டவுன்ஹால் ரோடு பக்கத்து வாட்ச் கடைகளில் எத்தனையோ கிடைக்கிறது, ஆனால் லில்லியில் வழக்கமான ரெண்டு காதுக்குப் பதிலாக நடுவில் டி வடிவத்தில் ஒரு குச்சி. கடைக்கார அண்ணன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார், “இத யாருமா வாங்கச் சொன்னது” என்றார், பிறகு பிளேடால் ஸ்ட்ராப்பின் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டி மாட்டிக் கொடுத்தார். வெட்டினதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. சார்ஜருக்கு இப்படி வழி இல்லை, இதன் கிளிப் தனி ரகம், மற்ற கார்மின் வாட்ச் வயர் சேராது, அதனால் ஊருக்குப் போகும்போது முதலில் பெட்டியில் வைப்பது அதைத்தான். அஞ்சு நாள் நின்ற பேட்டரி இப்போது மூன்றரை நாள் நிற்கிறது. வயதான பேட்டரிக்கு இது சகஜம்.

யாருக்கு வேண்டாம் என்று கேட்டால், ஓடுகிறவர்களுக்கு வேண்டாம். ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, ஓடும்போது கையைத் திருப்பி வேகம் பார்க்க இந்த ஸ்கிரீன் சரிப்படாது. அவர்களுக்கு 2024இல் வந்த லில்லி 2 ஆக்டிவ் இருக்கிறது, பொத்தானும் சொந்த ஜிபிஎஸ்ஸும் உண்டு, அளவு கொஞ்சம் கூடுதல். என் தம்பி இப்போதே அதைக் காட்டி ஆசை காட்டுகிறான். பழையதன் பேட்டரி ரெண்டு நாளுக்குக் கீழே இறங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் அந்தக் கூடுதல் அளவு என் 14 சென்டிமீட்டரில் எப்படி உட்காருகிறது என்று அட்டையில் வட்டம் வெட்டிக் கையில் கட்டி ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்க வேண்டும்.